சோப்பு போதாதா? நுரையீரல் சர்ஃபாக்டன்டில் கொழுப்பின் வேலை எது, புரதத்தின் வேலை எது?

கரும்பலகை | திங்கள், இரவு 9.40

பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். சுவாசப் பாடத்தில், "காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் சோப்பைப் போன்ற ஒரு பொருள் படர்ந்திருக்கிறது, அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சோப்பு போதும் என்றால் உடம்பு எதற்காக அதில் புரதத்தையும் சேர்க்கிறது, ஐயா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் ஆகிவிட்டது.

நான் படித்து அறிந்தது இவ்வளவுதான்: சர்ஃபாக்டன்ட் என்ற அந்தப் பொருளில் ஏறக்குறைய 90 விழுக்காடு கொழுப்பு, 10 விழுக்காடு புரதம். கொழுப்பில் பெரும்பங்கு டிபிபிசி என்ற ஒரே பாஸ்போலிப்பிட். புரதங்கள் நான்கு: ஏ, பி, சி, டி. இவற்றில் எது பரப்பு இழுவிசையைத் தொடுகிறது, எது தொடுவதில்லை? அந்தப் பெண்ணுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

அளவுகோல் | திங்கள், இரவு 10.25

ஐயா, முதலில் அந்தச் சோப்பைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கிலிருந்து வருகிறேன். உடல் வெப்பத்தில் வெறும் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 70 மில்லிநியூட்டன். காற்று நுண்ணறை ஒன்றின் ஆரத்தை 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாப்லாஸ் விதிப்படி, அது சுருங்கிப் போகாமல் நிற்கத் தேவையான அழுத்தம் இழுவிசையின் இருமடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 1,400 பாஸ்கல் வருகிறது, அதாவது சுமார் 14 செ.மீ. நீர் அழுத்தம். நாம் அமைதியாக மூச்சு விடும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறி இறங்குவது ஏறக்குறைய 3 செ.மீ. அளவுதான். வெறும் நீர் படர்ந்த நுரையீரலோடு நாம் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சிரைத்துத் தளர்ந்துபோவோம்.

இப்போது சோப்பைச் சேருங்கள். இழுவிசை 25, 30 வரை இறங்கும், அதற்குக் கீழே போகாது. காரணம், சோப்பு மூலக்கூறு நீரில் கரையக்கூடியது. மூச்சை வெளியே விடும்போது பரப்பு சுருங்குகிறது, நெரிசல் கூடுகிறது. சோப்பு மூலக்கூறுகள் நெரிசலைத் தாங்காமல் நீருக்குள் இறங்கிவிடுகின்றன. எவ்வளவு அமுக்கினாலும் பரப்பில் மிஞ்சுவது அதே அளவு கூட்டம்தான்.

டிபிபிசி இறங்காது. அதன் தலை நீரை விரும்புகிறது, இரண்டு வால்கள் காற்றை நோக்கி நிற்கின்றன. ஒவ்வொரு வாலும் 16 கார்பன் நீளம், இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லாதது, ஆகவே நேரானது. விறகு அடுக்கியவர்களுக்கு இது தெரியும்: கோணல் கட்டைகளை எவ்வளவு அமுக்கினாலும் இடைவெளி இருக்கும், நேரான கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். டிபிபிசியின் வால்கள் உருகி நெகிழ 41 டிகிரி வேண்டும். உடம்பு 37 டிகிரிதான். அதனால் அமுக்க அமுக்க அந்தப் படலம் ஏறக்குறைய திடப்பொருளாக இறுகுகிறது. இழுவிசை 2 மில்லிநியூட்டனுக்கும் கீழே போகிறது. அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 14 செ.மீ. தேவைப்பட்ட இடத்தில் 0.4 செ.மீ. போதும்.

அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

கடல்நுரை | செவ்வாய், காலை 6.15

அளவுகோல் சொன்னதிலேயே மாணவிக்கான விடை இருக்கிறது. இழுவிசையைக் குறைப்பது கொழுப்பு. நான் படித்த காலத்தில் நீர்த்தொட்டியில் தூய டிபிபிசியைப் பரப்பி, தடுப்புப் பலகையை நகர்த்தி, இழுவிசை சுழிக்கு அருகே இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டியில் புரதம் ஒரு துளி இல்லை.

புரதங்கள் காவலுக்கு இருப்பவை. ஏ, டி இரண்டும் நுண்ணுயிரிகளின் மேற்பரப்புச் சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டு, அவற்றை விழுங்கும் செல்களிடம் ஒப்படைப்பவை. ஏ புரதம் உருவாகாதபடி மரபணு மாற்றிய எலிகள் இயல்பாகவே மூச்சு விடுகின்றன. தொற்று வந்தால்தான் தடுமாறுகின்றன. ஆகவே கொழுப்பு உழைப்பாளி, புரதம் காவலாளி. மாணவிக்கு இப்படிச் சொன்னால் போதும் என்பது என் கருத்து.

இரவுப்பணி | செவ்வாய், பிற்பகல் 2.50

கடல்நுரை ஐயா, ஏ பற்றியும் டி பற்றியும் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பி-யை மறந்துவிட்டீர்கள். நான் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பி இல்லாத ஒரு குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

நிறைமாதக் குழந்தை, மூன்று கிலோ எடை. சர்ஃபாக்டன்ட் போதாமல் தவிப்பவை பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகள் என்பதால் முதலில் யாருக்கும் அந்த ஐயம் வரவில்லை. பிறந்து சில மணி நேரத்தில் முனகல் தொடங்கியது, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க மங்கலான கண்ணாடிபோல் வெளுத்திருந்தது. மருந்தாக சர்ஃபாக்டன்ட் கொடுத்தோம். ஆக்சிஜன் தேவை கண்ணெதிரே இறங்கியது. எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. விடிவதற்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மறுபடி கொடுத்தோம், மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. வெளியிலிருந்து ஊற்றும் வரைதான் அந்த நுரையீரல் திறந்திருந்தது.

தாய்தந்தை உறவுமுறையில் திருமணம் செய்தவர்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வந்தபோது குழந்தை இல்லை. இருவரிடமிருந்தும் பி புரதத்தின் பழுதான மரபணு வந்திருந்தது. இந்தக் குறைபாடு மருத்துவ இதழ்களில் முதலில் பதிவானது 1993இல். பி இல்லாத எலிக்குட்டிகளும் பிறந்தவுடனே மூச்சு விட முடியாமல் இறந்துவிடுகின்றன.

79 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதம் அது. பி, சி இரண்டையும் சேர்த்தாலும் சர்ஃபாக்டன்டின் எடையில் 2 விழுக்காடு அளவுதான். காவலாளி இல்லையென்றால் வீடு களவு போகலாம், ஐயா. ஆனால் பி இல்லையென்றால் வீடே எழும்பவில்லை. அந்தப் பிஞ்சின் பக்கத்தில் இரவெல்லாம் நின்றவள் என்பதால் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன்.

கடல்நுரை | செவ்வாய், மாலை 5.05

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பி-யை நான் விட்டது தவறுதான்.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. தொட்டியில் தனியாகவே அந்த வேலையைச் செய்த டிபிபிசி, நுரையீரலில் ஏன் தனியாகச் செய்ய முடியவில்லை?

அளவுகோல் | செவ்வாய், இரவு 8.30

ஏனென்றால் தொட்டியில் அதை நீங்கள் பரப்பினீர்கள்.

டிபிபிசியைக் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானில் கரைத்து, நீரின் மேலே சொட்டுச் சொட்டாக விட்டிருப்பீர்கள். கரைப்பான் ஆவியாகிப் போகும், மூலக்கூறுகள் பரப்பிலேயே தங்கும். நுரையீரலில் யாரும் மேலேயிருந்து சொட்டு விடுவதில்லை. இரண்டாம் வகை நுண்ணறைச் செல்கள் கொழுப்பையும் புரதத்தையும் வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காகச் சுருட்டி, கீழேயுள்ள நீருக்குள் தள்ளுகின்றன. அங்கிருந்து அது பரப்புக்கு ஏற வேண்டும். டிபிபிசியை இறுக்கமாக நிற்க வைக்கும் அதே குணம் இங்கே எதிராகிறது. அது விறைத்த பொருள், நீருக்குள் கிடக்கும் அடுக்கிலிருந்து எளிதில் பிரிந்து வராது, வந்தாலும் விரைந்து படராது. பச்சிளங்குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. ஒரு மூச்சுக்கு ஒரு விநாடிதான் கிடைக்கிறது.

பி செய்வது இந்த ஏற்றும் வேலையை. அதன் உடலில் நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் நிறைய. எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பாடிடைல்கிளிசரால் என்ற கொழுப்பை அது பற்றிக்கொள்கிறது. ஓர் அடுக்கை இன்னோர் அடுக்கோடு ஒட்டவைக்கிறது, அடுக்கின் கட்டுக்கோப்பைக் குலைத்து மூலக்கூறுகளைப் பரப்புக்குக் கொட்டுகிறது. படலம் உருவாகி இழுவிசை 23–25 அளவுக்கு உடனே இறங்குவது இப்படித்தான். அதற்குக் கீழே, சுழியை நோக்கிப் போவது மூச்சு வெளியேறும்போது நடக்கும் அமுக்கத்தால், டிபிபிசியின் பலத்தால்.

நீங்கள் கேட்ட கேள்வியை 1960களில் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்துவிட்டார்கள், கடல்நுரை. டிபிபிசிதான் முக்கியப் பொருள் என்று தெரிந்ததும் அதை நுண்துளிகளாக்கிக் குறைமாதக் குழந்தைகளைச் சுவாசிக்க வைத்தார்கள். சிங்கப்பூரிலும் அந்த முயற்சி நடந்தது. பலன் நிலைக்கவில்லை. 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழுவினர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்ததைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோதுதான் கதவு திறந்தது. அதில் பி-யும் சி-யும் இருந்தன.

பிறகு அமெரிக்காவில் 1990இல் அனுமதி பெற்ற எக்ஸோசர்ஃப் என்ற செயற்கைச் சர்ஃபாக்டன்டைப் பாருங்கள். அதில் புரதம் இல்லை. ஆனால் டிபிபிசியோடு ஹெக்ஸாடெக்கனால், டைலாக்ஸபால் என்ற இரண்டு பொருள்களைச் சேர்த்திருந்தார்கள். எதற்கு? படரவைக்க. புரதத்தை நீக்கினாலும் புரதத்தின் வேலையை நீக்க முடியவில்லை. அந்த மாற்று ஏற்பாடும் விலங்கு நுரையீரலிலிருந்து எடுத்த மருந்துகளுக்கு ஈடாகவில்லை. அவை விரைவாக வேலை செய்தன, நுரையீரல் கிழிந்து காற்றுக் கசிவதும் அவற்றில் குறைவாக இருந்தது.

வைகறை | செவ்வாய், இரவு 11.10

இங்கே எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. என் மகன் 29 வாரத்தில் 1,100 கிராம் எடையோடு பிறந்தான். இப்போது அவனுக்கு நான்கு வயது. பிரசவத்துக்கு முன் எனக்கு ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட்டார்கள். பிறந்ததும் அவனுக்குப் பால் போன்ற ஒரு மருந்து கொடுத்தார்கள். பன்றி நுரையீரலிலிருந்து எடுப்பது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கு எதையும் கேட்கும் நிலையில் நான் இல்லை. அவனுக்குக் குறைவாக இருந்தது கொழுப்பா, புரதமா? அந்த ஊசி எதற்கு?

இரவுப்பணி | புதன், அதிகாலை 3.30

வைகறை அம்மா, எல்லோரையும்விட அதிகத் தகுதி உங்களுக்குத்தான்.

உங்கள் மகனுக்கு இரண்டுமே குறைவாக இருந்திருக்கும். அளவுகோல் சொன்ன அந்தச் சுருட்டிய அடுக்குகள் ஏறக்குறைய 24 வாரத்தில்தான் செல்லுக்குள் தென்படத் தொடங்குகின்றன. போதுமான அளவுக்கு நிறைய 35 வாரம் போல ஆகும். கொழுப்பும் பி-யும் சி-யும் ஒரே பொட்டலமாகத்தான் கட்டப்படுகின்றன. உங்கள் மகனின் செல்கள் கெட்டுப்போனவை அல்ல, நேரம் கிடைக்காதவை. மருந்து அந்த நேரத்தை வாங்கிக்கொடுத்தது. சில நாளில் அவனுடைய செல்களே பொறுப்பேற்றுக்கொண்டிருக்கும்.

ஊசி ஸ்டீராய்டு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டிகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்ற கருக்களில், மூச்சு விடவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்த குட்டிகள் மூச்சு விட்டன. ஹவி என்ற மருத்துவரோடு சேர்ந்து ஆக்லாந்தில் தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். நுரையீரல் செல்களை அது முன்கூட்டியே முதிரவைக்கிறது. உங்கள் மகனுக்கு முதல் உதவி உங்கள் உடம்பு வழியாகவே போனது.

அந்த மருந்து குளிர்பெட்டியில் இருக்கும். கையில் வைத்து இளஞ்சூடாக்கி, குப்பியை மெல்லச் சாய்த்துக் கலக்குவோம், குலுக்க மாட்டோம். பன்றி நுரையீரலிலிருந்து எடுத்தது என்றால் ஒரு மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் பாஸ்போலிப்பிட் இருக்கும். கிலோவுக்கு 2.5 மில்லிலிட்டர் என்பது முதல் அளவு. உங்கள் மகனுக்கு மூன்று மில்லிலிட்டருக்கும் குறைவு. கொழுப்பைக் கரைத்துப் பிரித்தெடுக்கும்போது நீரில் கரையும் ஏ, டி புரதங்கள் போய்விடுகின்றன. கொழுப்பை விட்டுப் பிரியாத பி-யும் சி-யும் தங்கிவிடுகின்றன. அந்த இரண்டோடு மருந்து வேலை செய்கிறது என்பதே கடல்நுரை ஐயாவுக்கான என் பதிலும்.

1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் 34 வாரத்தில் பிறந்தான், எடை 2.1 கிலோ. உலகின் எந்த வசதியும் அவனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 39 மணி நேரம்தான் வாழ்ந்தான். உங்கள் மகன் அவனில் பாதி எடை.

குமிழிக்காவல் | புதன், முற்பகல் 11.20

ஆய்வு மாணவன் நான். சி புரதத்தை யாரும் தொடவில்லை, அதனால் வருகிறேன்.

சி இன்னும் சிறியது, 35 அமினோ அமிலங்கள். நடுவே வாலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த ஒரு சுருள், அது கொழுப்பு அடுக்கின் குறுக்கே ஆணிபோல் செருகி நிற்கும். முனையில் இரண்டு பால்மிடிக் கொழுப்பு வால்கள். மூச்சு வெளியேறும்போது பரப்பிலிருந்து சில மூலக்கூறுகள் பிதுங்கிக் கீழே போகின்றன. அவை நீரில் தொலைந்துபோகாமல் படலத்தின் அடியிலேயே மடிப்பாக ஒட்டி நிற்கச் சி-யும் பி-யும் உதவுகின்றன. அடுத்த மூச்சில் பரப்பு விரியும்போது அந்த மடிப்பு உடனே மேலே வந்து படர்கிறது. சி இல்லாத எலிகள் பிறந்ததும் பிழைத்துக்கொள்கின்றன. நுரையீரல் நோய் பிற்பாடுதான் வருகிறது. ஆகவே பி அளவுக்கு உடனடி உயிர்ப்பிடி இல்லை.

அளவுகோலோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'விறைத்த டிபிபிசி மட்டுமே சுழிக்கு இறங்கும், மற்றக் கொழுப்புகள் பிதுங்கி வெளியேறிவிடும்' என்பது பழைய விளக்கம். நான் நீருக்குள் பிடித்துவைத்த ஒரு காற்றுக்குமிழியின் மேல் படலம் அமைத்து, குமிழியை அமுக்கி விரித்து அதன் வடிவத்தை அளக்கிறேன். வேகமாக அமுக்கினால் நெகிழ்வான படலங்கள்கூட உடைந்து மடிய நேரமில்லாமல் மிகக் குறைந்த இழுவிசையில் உறைந்ததுபோல் நிற்கின்றன. இயற்கைச் சர்ஃபாக்டன்டில் டிபிபிசி ஏறக்குறைய 40 விழுக்காடுதான், மீதியில் கோணல் வால்கள் நிறைய. அவை அத்தனையும் ஒவ்வொரு மூச்சிலும் வெளியேறித் திரும்பி வருகின்றன என்பதை நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது. துறையில் இந்த வாதம் முடியவில்லை.

கொலஸ்டிராலையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் டன்னார்ட் என்ற எலி அளவுள்ள பைம்மா விலங்கு ஒன்று உண்டு. உணவில்லாத நேரத்தில் உடல் வெப்பத்தை வெகுவாக இறக்கிவிட்டு உறங்கும். அந்தக் குளிரில் சர்ஃபாக்டன்ட் மெழுகாக இறுகிவிடக் கூடாதல்லவா? சில மணி நேரத்துக்குள் அதில் கொலஸ்டிராலின் பங்கு கூடுகிறது, படலம் நெகிழ்வாகவே இருக்கிறது. வெப்பம் திரும்பியதும் குறைகிறது. கொழுப்புக் கலவை என்பது வெறும் பொருள்பட்டியல் அல்ல, உடம்பு திருகிச் சரிசெய்யும் குமிழ் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்த நாளில்தான்.

அளவுகோல் | புதன், பிற்பகல் 1.00

குமிழிக்காவல், உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். என் விறகு உவமை டிபிபிசிக்குப் பொருந்தும், முழுக் கலவைக்குப் பொருந்தாது.

தவறான புரதம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். பெரியவர்களுக்கு நிமோனியாவிலோ இரத்தத்தில் பரவிய தொற்றிலோ நுரையீரல் நுண்குழாய்கள் கசிந்தால், இரத்தத்தின் ஆல்புமினும் ஃபைப்ரினோஜனும் நுண்ணறைக்குள் கொட்டுகின்றன. அவையும் பரப்பில் போய் உட்காரும். ஆனால் இழுவிசையை 50க்குக் கீழே கொண்டுபோகும் திறன் அவற்றுக்கு இல்லை. இடம் பிடித்துக்கொண்டு, சர்ஃபாக்டன்டை ஏறவிடாமல் தடுக்கின்றன. குழந்தைகளைக் காத்த மருந்து பெரியவர்களின் இந்த நோயில் பெரிய சோதனைகளில் உயிர்க்காப்பைக் கூட்டாமல் போனதற்கு இது ஒரு காரணம். அங்கே குறை பொருளில் மட்டும் இல்லை, பரப்பையே வேறொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கரும்பலகை | புதன், இரவு 9.15

எனக்கு இன்னொரு ஐயம். சின்ன பலூனையும் பெரிய பலூனையும் ஒரு குழாயால் இணைத்து, சின்னது பெரியதில் காற்றைக் கொட்டிச் சுருங்கும், சர்ஃபாக்டன்ட் இல்லாவிட்டால் நுண்ணறைகளும் அப்படித்தான் என்று படம் போடுகிறேன். அது சரியா?

அளவுகோல் | புதன், இரவு 9.50

பாதி சரி. ஆரம் குறையும்போது இழுவிசையும் குறைவதால் சின்ன நுண்ணறை தப்பிக்கிறது என்பது உண்மை. ஆனால் நுண்ணறைகள் தனித்தனி பலூன்கள் அல்ல, தேன்கூட்டின் அறைகள்போல் பொதுச்சுவர் கொண்டவை. ஒன்று சுருங்கப் பார்த்தால் சுற்றியுள்ளவை அதன் சுவரைப் பிடித்து இழுக்கும். 1970இல் ஜெரி மீடும் உடன் பணியாற்றியவர்களும் இதைத் தெளிவாக்கினார்கள். பலூனுக்குப் பக்கத்தில் ஒரு தேன்கூட்டையும் வரைந்துவிடுங்கள்.

கடல்நுரை | வியாழன், காலை 6.40

இரவு பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1929இல் நீர்கார்ட் என்ற ஆய்வாளர் நுரையீரலைக் காற்றுக்குப் பதில் திரவத்தால் நிரப்பி, வெகு குறைந்த அழுத்தத்தில் அது விரிவதைக் காட்டினார். பரப்பே இல்லையென்றால் இழுவிசையும் இல்லை. கால் நூற்றாண்டுக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1955இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பேட்டில் என்ற ஆய்வாளர், நுரையீரலிலிருந்து வந்த நுரையின் குமிழிகள் மணிக்கணக்கில் சுருங்காமல் நிற்பதைக் கண்டார். அந்தக் குமிழியைக் காப்பது கரையாத ஒரு புரதப் படலம் என்றுதான் அவர் முதலில் எழுதினார்! 1957இல் கிளெமென்ட்ஸ் இழுவிசையை அளந்தார். 1959இல் மேரி எலன் ஏவரியும் மீடும், மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் போதாமல் இருந்ததைக் காட்டினார்கள். 1961இல் அது பெரும்பாலும் டிபிபிசி என்று தெரிந்ததும் எல்லோரும் புரதத்தை மறந்தார்கள், என்னையும் சேர்த்து.

கரும்பலகை | வியாழன், இரவு 8.20

இன்று வகுப்பில் 14 என்றும் 0.4 என்றும் எழுதினேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. தொட்டியில் பரப்பியதையும் நீருக்குள்ளிருந்து ஏறுவதையும் அடுத்தடுத்து வரைந்தபோது, "அப்படியென்றால் பி கொண்டுவந்து சேர்க்கிறது, டிபிபிசி நின்று தாங்குகிறது" என்று அந்தப் பெண்ணே சொன்னாள். பிறகு அடுத்த கேள்வி: "குழந்தையின் நுரையீரலில் இது இருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

இரவுப்பணி | வெள்ளி, அதிகாலை 4.05

அவளிடம் சொல்லுங்கள், ஐயா. கருவின் நுரையீரல் திரவம் வாய் வழியாக வெளியே வருகிறது, குழந்தை அதில் கொஞ்சத்தை விழுங்குகிறது. பிறந்தவுடன் குழந்தையின் வயிற்றிலிருந்து மெல்லிய குழாயால் அரை மில்லிலிட்டர் திரவம் எடுத்து, அதே அளவு ஆல்கஹால் சேர்த்து, சோதனைக்குழாயில் 15 விநாடி குலுக்கி நிமிர்த்தி வைப்போம். மற்றப் பொருள்களால் வரும் நுரையை ஆல்கஹால் அடக்கிவிடும். 15 நிமிடம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பேட்டில் பார்த்த அதே குமிழிகள்தாம். குழாயின் விளிம்பைச் சுற்றி வளையமாக நின்றால் நுரையீரல் தயார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த செவிலியர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். இன்றும் அந்த 15 நிமிடமும் நான் குழாயை விட்டு நகர்வதில்லை.